கடைசிக் குளத்து மீன்கள்

குப்பைமேட்டிலிருந்து வடியும் கறுப்புச் சாற்றைச் சாக்கடை நீரில் கொஞ்சமாகக் கலந்து, குளம் குளமாகத் தேக்கித் தெளியவைப்பது மாதங்கியின் வேலை. கடைசிக் குளத்தின் வலைக்கூண்டில் ரோகு மீன்களை விட்டிருந்தாள். அவை பிழைத்தால்தான் தண்ணீரை அடுத்திருந்த மீன்பண்ணைகளுக்குத் திறந்துவிடலாம்.

மழையைச் சாக்கிட்டு, மேலதிகாரி ஜெயந்த் அளவுக்கு மிஞ்சிச் சாற்று லாரிகளை அனுப்பினார். நேற்று மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன. மாதங்கி மதகை அடைத்துவிட்டு, தன் கையாலேயே அவற்றைக் கரையில் புதைத்தாள்.

இன்று காலை, கூண்டில் அதே மீன்கள் நீந்தின.

"செத்துப்போச்சுன்னு ஊரைக் கூட்டினீங்களே மேடம்? எங்க ஊர் வழக்கப்படி கல்யாணச் சீருக்கே அனுப்பலாம் போலத் துள்ளுது" என்றார் ஜெயந்த்.

"நான் புதைச்ச மீன் சார் இது. வால் கிழிஞ்சதுகூட அப்படியே இருக்கு. அந்தத் தண்ணியில வளர்றதைத்தான் ஊரே சாப்பிடுது. யார் வாயை அடைக்க இதைத் தோண்டி எடுத்து விட்டீங்க?"

"நான் எங்கே தோண்டினேன்? இப்பதானே டாக்குரியா வீட்டிலேருந்து வரேன். உயிரோட இருக்கில்ல, மதகைத் திறங்க."

மாதங்கி விறுவிறுவென்று கரைக்குப் போனாள். குழி அவள் மூடியபடியே, மேலே வைத்த கல்லோடு கிடந்தது. திரும்பி வருவதற்குள் ஜெயந்த் மதகைத் திறக்கச் செய்திருந்தார். மீன்கள் வரிசையாக மதகைப் பார்த்து நின்றன. அவை வாய் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கரைமண் உதிர்ந்து, நீரோடு பண்ணைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.