ஒரே ஒரு முறை மூழ்கும் படகு

"இன்னொரு தடவை ஓட்டு," என்றாள் தோரா.

இருட்டறையில் படம் காட்டும் கருவியின் கைப்பிடி மறுபடி சுழன்றது. எதிர்ச்சுவரில் கல்யாண உடுப்போடு கொரீன் வந்தாள். அவளுக்கு எதிரே கோட்டும் தொப்பியுமாக ஹார்லன். புதுமணத் தம்பதியைச் சுமந்த படகு மெல்ல மூழ்கத் தொடங்கியது.

சுவரில் இருந்த இருவரும் அறையிலும் இருந்தார்கள். ஹார்லன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். கொரீன் பயணக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றாள். நிஜத்திலும் புருஷன் பெண்டாட்டிதான். அவள் பெட்டிகளை வாசலில் நின்ற காரில் ஏற்றியாகிவிட்டது. சாயங்காலம் சிகாகோவுக்கு ரயில்.

ஹார்லனின் படக் கம்பெனியில் தோராவுக்கு நிரந்தரமாக மாமியார் வேஷம். சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனவள். பேசாத படத்தில் நடிக்கக் காது எதற்கு? வசனம் இல்லை என்ற தைரியத்தில் எந்த நடிகன் யாரைக் கேமரா முன்னால் திட்டினாலும், உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அவள் இருக்கும் கொட்டகையில் நடிகர்களுக்குக் கொஞ்சம் உதறல்தான்.

இந்தப் படகுக் காட்சியை இரண்டாவது தடவை எடுக்க வழியில்லை. படகு ஒன்றுதான், உடுப்பும் ஒன்றுதான். நடிகனும் டைரக்டரும் ஹார்லனே. 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை அவன் ஒருவனுக்கு மட்டும்தான்.

அது தெரிந்துதான் கொரீன் அந்தப் படப்பிடிப்பு நேரத்தைப் பிடித்தாள். வீட்டில் எத்தனையோ முறை பேச வாயெடுத்திருக்கிறாள். அவள் பாதி சொல்வதற்குள் அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குக் கிளம்பிவிடுவான். மூழ்குகிற படகிலிருந்து எங்கே எழுந்து போவான்?

கேமரா ஓட, தண்ணீர் முழங்காலைத் தொட, அவள் சொன்னாள்: "இந்தப் படம் முடிஞ்சதும் நான் போறேன், ஹார்லன். திரும்பி வரமாட்டேன்."

அவன் ஏதோ பதில் சொன்னான். அது என்ன என்பதுதான் இப்போது வழக்கு.

போகாதே என்று கெஞ்சியதாக அன்றிலிருந்து சத்தியம் செய்கிறான். தண்ணீர்ச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை என்கிறான். அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நேற்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். "தோரா பாத்துச் சொல்லட்டும். நீ அப்படிச் சொல்லியிருந்தா நான் பெட்டியை இறக்கிடறேன்."

ஹார்லனுக்குப் பயமே இல்லை. நாடக மேடையில் மாடிப்படி உருள்வதில் தொடங்கிய பிழைப்பு அவனுடையது. உருண்டு உருண்டே சொந்தமாகப் படம் எடுக்கும் உயரத்துக்கு வந்துவிட்டான். எலும்பு முறிந்த அன்றுகூட அவன் கேமராவை நிறுத்தச் சொன்னதில்லை. முறிந்த கையை வைத்தே இன்னொரு சிரிப்புக் காட்சியைச் சேர்த்தவன். படத்தை வெட்டி ஒட்டும்போது தன் உதடுகளைப் பலமுறை பார்த்துவிட்டான். ஒவ்வொரு முறையும் அவை 'போகாதே' என்றன. ஆசைப்பட்டவன் கண்ணுக்கு வெளுத்ததெல்லாம் பால்.

சுவரில் கொரீனின் கண்கள் நிறைந்தன. ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினான். பிறகு மரியாதையாக அதைத் தலையில் வைத்துக்கொண்டான். மிச்சத் தண்ணீர் மூஞ்சியில் வழிந்தது.

படம் ஓட்டுகிறவன் களுக்கென்று சிரித்துவிட்டான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது ஹார்லனின் உதடுகள் அசைந்தன. தோரா முன்னால் குனிந்தாள்.

இருவரும் முங்கிப்போனார்கள். தொப்பி மட்டும் மிதந்தது. விளக்கு எரிந்தது.

தோரா ஹார்லனைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்டது அந்த முகம். அவன் உற்சாகமாகத் தலையாட்டினான்.

"உள்ளதை உள்ளபடி சொல்லு."

தம் குரல் தமக்கே கேட்காதவர்களின் உரத்த குரலில் அவள் சொன்னாள்: "அழுகை நல்லா வருது. அப்படியே இரு. முகத்தை மட்டும் வெளிச்சத்துக்குக் காட்டு."

படம் ஓட்டுகிறவனின் சிரிப்பு பாதியில் நின்றது.

சொன்னதும் ஹார்லனுக்கே எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று படகில் அவன் மனசு போகாதே என்றுதான் கதறியது. அது பொய்யில்லை. வாய்தான் முந்திக்கொண்டு டைரக்டரின் வேலையைப் பார்த்திருக்கிறது.

"கொரீன்... அது... பழக்க தோஷம்..."

"தெரியும். எனக்கு அன்னைக்கே நல்லாக் கேட்டுது," என்றாள் கொரீன். அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"அப்புறம் ஏன் வந்தே?"

"தோரா உனக்காக ஒரு பொய் சொல்லுவாளான்னு பார்க்க வந்தேன். சொல்லியிருந்தா நம்பிட்டு இங்கேயே இருந்திருப்பேன்."

தோரா தலையைக் குனிந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். கொரீனின் உதடுகளை அவள் பார்க்கவில்லை.

கொரீன் கதவைத் திறந்தாள். கலிபோர்னியாவின் மத்தியான வெயில் உள்ளே கொட்டியது. வாசற்படியில் நின்று ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

இப்போதாவது சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஹார்லன் வாயைத் திறந்தான்.

அவள் கண்ணில் நீர் இருந்தது. இடது கன்னத்தில் வெளிச்சம் மிகச் சரியாக விழுந்திருந்தது. அதைக் கவனித்துக்கொண்டிருந்த தன் கண்களை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.