மூன்று ஊர்த் தண்ணீர்

மூன்று பர்னர் அடுப்பில் மூன்று குண்டான்கள் கொதிக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி துவரம்பருப்பு. தண்ணீர் மட்டும் வேறு வேறு ஊர். வீடு பார்க்கப் போன இலக்கியம்பட்டி, பொம்மிடி, பென்னாகரம் மூன்றிலும் போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்திருக்கிறார் ஓய்வு பெற்ற கண்டக்டர் அர்ச்சுனன். பருப்பு எந்தத் தண்ணீரில் வேகிறதோ அந்த ஊரில் வீடு. மதியத்துக்குள் புரோக்கருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வாடகை வீட்டை இம்மாதமே காலி செய்ய வேண்டும். நடுக் குண்டானில் பருப்பு வெண்ணெயாய்க் குழைகிறது. மற்ற இரண்டிலும் இன்னும் ஏழு ஜென்மம் கொதித்தாலும் வேகாத கூழாங்கற்கள். ஜன்னல் வெயிலில் மூன்று காலி பாட்டில்கள் ஒரே அச்சாக மினுங்குகின்றன. ஊருக்கொரு நிறமாக அடையாளத்துக்கு வைத்த பச்சை, நீல, வெள்ளை மூடிகள், ஆசை அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்ததில், ஒரே குவியலாகக் கிடக்கின்றன. ஆயிரம் பேர் தொங்கும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே பிடித்த மனிதர், பாட்டில்களை மாற்றி மாற்றி முகர்கிறார். "பேரெழுதி ஒட்டுங்கன்னு சொன்னேனா இல்லீங்களா?" என்கிறாள் மனைவி கலைமணி. "மூடி இருக்குதேன்னு நெனச்சேன்." "குக்கர்ல போட்டா எல்லா ஊர்லயும் வேகுமுங்க." போன் அடிக்கிறது. புரோக்கர். அர்ச்சுனன் கரண்டியும் கையுமாக நடுக் குண்டானையே பார்க்கிறார். "ஊரை முடிவு பண்ணிட்டனுங்க. அது எந்த ஊருன்னுதான் தெரியல."