மூன்று நாட்டு மணப்பெண்

"அடிபட்டது வெளிய தெரிஞ்சுதுன்னா, உன் கையை முறிச்சிருவேன்," என்றான் அண்ணன், மணப்பெண்ணை அலங்கரிக்க வந்த ஒப்பனைக்காரியிடம். வேறொருவனைக் காதலித்த தங்கையைக் கட்டிப்போட்டு விளாசியிருந்தான். அவள் உதடு கிழிந்திருந்தது. மணிக்கட்டில் கயிற்றுத் தடம்.

மாஸ்க்கும் மேலங்கியும் போட்டிருந்த ஒப்பனைக்காரி, பல நாட்டு மணப்பெண்களின் ஆல்பத்தைப் புரட்டினாள். "இந்த நாட்டுல முகம் பூரா வெள்ளைப் பூச்சு. இங்க முழங்கை வரைக்கும் மருதாணி. இங்க முகத்தையே மூடுற சிவப்புத் துணி."

"மூணையும் போடு. பெத்தவளுக்கே அடையாளம் தெரியக் கூடாது."

இருவரையும் உள்ளே விட்டு, கதவை வெளியிலிருந்து பூட்டினான்.

மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தான். மாஸ்க்கும் மேலங்கியுமாக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம், "வேலை சுத்தம். கிளம்பு," என்று வழிவிட்டான்.

மேடையில் மாப்பிள்ளை துணியை விலக்கியதும் அலறினான். வெள்ளைப் பூச்சுக்குள், கிழியாத உதட்டோடு ஒப்பனைக்காரி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் பெல்ட்டை உருவிக்கொண்டு பாய்ந்தான்.

"அடையாளம் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"