அரை நிமிஷ வேலை

சாப்பாட்டு மேஜைமேல் பழைய போர்வையை விரித்து, அதன் நடுவில் கேசட் டெக்கை வைத்திருந்தார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற ஆளைப் போல அது கிடந்தது.

கிளட்ச் அக்கா கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

டிரைவிங் ஸ்கூலில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்தியதற்குக் கிடைத்த பட்டம். வேலை முடிந்து வீடு வந்தால் அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய கேசட் டெக். நாலு வைத்திருந்தாள். இரண்டு ஓடும். மற்ற இரண்டும் எந்நேரமும் வயிறு திறந்து கிடக்கும். வீட்டுக்காரர் துவைத்த துணியை மடித்து வைக்க இடம் தேடி அலைவார்.

எதிரே நின்றவர் மகளின் மாமியார். பல் டாக்டர். இருவரும் முகம் கொடுத்துப் பேசிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

எல்லாம் கல்யாண வரவேற்பில் வந்த வினை. கிளட்ச் அக்கா தன்னிடம் இருந்ததிலேயே நல்ல டெக்கைத் துடைத்து, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய் மேடையோரம் வைத்திருந்தாள். பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழைகிற நேரம் பார்த்து அது டேப்பை மென்று தின்றது. பாடிக்கொண்டிருந்த குரல் இழுத்து இழுத்து, எருமை முனகுவது போலாகி, அப்படியே அடங்கிவிட்டது.

"இதையெல்லாம் இன்னுமா கட்டிக்கிட்டு அழறீங்க?" என்றார் டாக்டரம்மா.

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் மைக் அவர் கையில் இருந்தது.

மண்டபமே சிரித்தது. அன்றோடு சரி. அப்புறம் எந்தத் தகவலானாலும் மகள் வழியாகத்தான். அத்தையிடம் சொல்லிவிடு என்று அம்மா சொல்வாள். உங்கம்மாவிடம் சொல்லிவிடு என்று அத்தை சொல்வார். இரண்டு மாதம் முன்பு மகளுக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனது. அப்போதும் கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, இருவரும் அவளிடம் மட்டுமே பேசினார்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பதில் சொன்னதில் அவளுக்குத் தையல்தான் வலித்தது.

இன்று காலை டாக்டரம்மாவே போன் செய்தார். குரல் முறைப்பாகத்தான் இருந்தது. வீட்டில் ரொம்ப காலமாக ஒரு கேசட் டெக் இருக்கிறதாம். நேற்று வரைக்கும் நன்றாக ஓடியதாம். இப்போது பட்டனை அழுத்தினால் உறுமுகிறதே தவிர, சுற்ற மாட்டேன் என்கிறதாம். நேரமிருந்தால் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

போகலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்ததாகக் கிளட்ச் அக்கா பிற்பாடு சொல்லிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் பார்த்த வரையில், அடுப்பை அணைக்கிற நேரம்தான் யோசித்தாள்.

நாலு திருகாணியையும் கழற்றி மூடியைத் தூக்கினாள். தூக்கியவள் அதை உடனே கீழே வைக்கவில்லை.

கோளாறு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ரப்பர் பெல்ட் கழன்று ஓரமாகக் கிடந்தது. அறுந்திருக்கவில்லை, தளர்ந்திருக்கவும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லாமல், வலி தெரியாமல் பிடுங்கின பல் மாதிரி சுத்தமாகக் கிடந்தது.

எடுத்து மாட்டினால் அரை நிமிஷ வேலை.

"சரியாகுமா?" என்று கேட்டார் டாக்டரம்மா. நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நோயாளிகளின் முகம் இப்போது அவருக்கு வந்திருந்தது.

கிளட்ச் அக்கா மூடியைத் தன் பக்கமாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு நாள்ல ஆகற வேலை இல்ல சம்பந்தி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கணும்."

"வாங்க" என்றார் டாக்டரம்மா.

பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டதாக அவருக்கே பட்டிருக்க வேண்டும். காபி போடுவதாகச் சொல்லிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று அங்கிருந்தே கேட்டார். மூன்று என்றாள் கிளட்ச் அக்கா. பல் டாக்டர் மறுபேச்சு பேசாமல் மூன்று போட்டுக் கொண்டுவந்தார்.

கடைக்குப் போயிருந்த மகளும் மாப்பிள்ளையும் திரும்பி வந்தபோது, இரண்டு பெண்களும் மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அந்த எருமைக் குரலை மாற்றி மாற்றிச் செய்து காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் கையிலிருந்த பையைக் கீழே வைக்கவும் மறந்து வாசலிலேயே நின்றாள்.

கிளம்பும்போது கிளட்ச் அக்கா டெக்கின் மூடியைத் தானே மாட்டினாள். பிடித்துக்கொள்ள வந்த டாக்டரம்மாவைக் கிட்டே விடவில்லை.

அந்த மாதிரி டெக் ஊரில் எத்தனையோ இருக்கும். ஆனால் இதன் மூடியின் உள்பக்கத்தில், 'பெல்ட் புதுசு' என்று பென்சிலால் எழுதி, கீழே தேதியும் போட்டிருந்தது.

கையெழுத்து கிளட்ச் அக்காவுடையது. வீட்டில் இடமில்லையென்று பழைய சாமான் கடையில் அவள் அதைக் கொடுத்துவிட்டு வந்து முழுதாக மூன்று வாரம் ஆகவில்லை.