காரணம்: போதவில்லை

"இன்னைக்கு நீங்க கரண்ட் ஆபீசுக்குப் போய் எழுதிக் குடுக்கறீங்களா, இல்ல நானே போகட்டுமா?"

மனைவி மொட்டை மாடிக்கே வந்து கேட்டபோது பட்டறைக்காரர் சோலார் பேனல்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மொத்தம் எட்டு பேனல். லேத் பட்டறையில் முப்பது வருடம் இரும்பைக் கடைந்து கை காய்த்துப் போனவர். வேலையை விட்டபோது கைக்கு வந்ததை அப்படியே கூரைமேல் ஏற்றியிருந்தார்.

"இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்."

"எதைப் பார்க்க? ஏழு மணியானா பேட்டரி படுத்துடுது. நூத்தி இருபது யூனிஃபார்ம் குடுக்கணும், பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் இருக்கு. நேத்து ஒரு சட்டைக்கு ஒரு கை வச்சேன். மறு கை வைக்கறதுக்குள்ள மெஷின் நின்னுடுச்சு. ஒத்தைக் கைச் சட்டையை எந்தப் பிள்ளைக்குப் போடறது?"

"நீ பகல்ல இஸ்திரிப் பெட்டியைப் போட்டு வச்சிருப்பே."

"இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு நாலு மாசம் ஆச்சு. தைச்ச துணியைத் தலகாணிக்கு அடியில வச்சுப் படுத்து மடிப்பு எடுக்கறேன். இன்னும் என்ன செய்யணும் நானு? இருட்டுல தைக்கணுமா?"

அவர் துணியை உதறி அடுத்த பேனலைத் துடைக்கத் தொடங்கினார்.

"ஒரு வீடு முழுக்க வெயில்லயே ஓடும்யா. உங்க கம்பி எனக்கு எதுக்கு?" என்று போன வருடம் தெருவே கேட்கச் சொல்லி லைனைத் துண்டிக்க வைத்தவர் அவர். "கூப்பிடுவீங்க, வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார் லைன்மேன். அன்றிலிருந்து தெருவில் அவருக்கு வெயில்காரர் என்று பெயர்.

முதல் எட்டு மாதம் சொன்னபடிதான் ஓடியது. விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், தையல் மெஷின், எதற்கும் குறைவில்லை. அப்புறம்தான் வந்தது இந்தக் கேடு. பேனல் போட்டவர் இரண்டு தடவை வந்து பார்த்தார். "பேனலும் நல்லாயிருக்கு, பேட்டரியும் நல்லாயிருக்கு. நீங்கதான் கூடச் செலவு பண்றீங்க" என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு மனைவி எந்த சுவிட்சைத் தொட்டாலும் பட்டறைக்காரருக்குச் சந்தேகம். நான்கு மாதமாக வீட்டில் முக்கால்வாசிப் பேச்சு சுவிட்சைப் பற்றித்தான்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மின்சார அலுவலகம் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும். பார்த்தவர்களெல்லாம் எங்கே போகிறார் என்று கேட்டார்கள்.

வெளி அறையில் எழுத்தர் அம்மா ஒரு கோப்பால் விசிறிக்கொண்டே படிவத்தை நீட்டினார். மற்றதையெல்லாம் மளமளவென்று நிரப்பிய பட்டறைக்காரர், மறு இணைப்புக்கான காரணம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"சூரிய மின்சாரம் போதவில்லைன்னு எழுதுங்க. அதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?"

எழுதினார்.

பொறியாளரின் அறைக்குள் ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது. மேசை ஓரத்தில் லைன்மேன் நின்றிருந்தார்.

"வாங்க, வெயில்காரரே! சூரியன் லீவு போட்டுட்டாரா?" பொறியாளர் படிவத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. வெயிலை வச்சுத் துணி காயப்போடலாம், வீடு நடத்த முடியுமா? என் ரூமையே பாருங்க. நான் இந்த ஆபீசுக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. வந்த அன்னைக்கே ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன், இந்த ரூம்ல ஒரு நிமிஷம் கரண்ட் போகக் கூடாதுன்னு. நான் உட்கார்ந்திருக்கற நேரத்துல இதுவரைக்கும் போனதில்லை. அதுக்குப் பேரு கரண்ட்!"

"சரிங்க சார்" என்றார் பட்டறைக்காரர். முதலாளி முன்னால்கூட அந்தக் குரலில் அவர் பேசியதில்லை.

பொறியாளர் லைன்மேன் பக்கம் திரும்பினார். "இன்னைக்கே இவருக்கு இணைப்புக் குடுத்துடுய்யா. பெரியவரே, இப்பவே போன் போட்டு வீட்டு மெயினை இறக்கச் சொல்லுங்க. உங்க பேனல் கரண்ட் திரும்பி வயர்ல ஏறிச்சுன்னா, கம்பத்துல இருக்கறவன் கரிக்கட்டை."

"அது எதுக்கு சார்?" லைன்மேன் அவசரமாகக் குறுக்கிட்டார். "நான் அங்க போய்ப் பார்த்துக்கறேன்."

"உன் உசிருக்குத்தான்யா சொல்றேன்."

"என் உசிரு கெட்டி சார். மெயின் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"நீ சும்மா இரு. பெரியவரே, போனைப் போடுங்க."

பட்டறைக்காரர் மனைவியைக் கூப்பிட்டார். "மெயினை இறக்கு."

"எழுதிக் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு. முதல்ல இறக்கு."

"இருங்க, கை எட்டலை... ம், இறக்கிட்டேன்."

ஏசி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. விளக்கு அணைந்தது. விசிறி நாலு சுற்றுச் சுற்றி நின்றது.

"எவன்யா கரண்டை நிறுத்துனது?" பொறியாளர் கத்தினார்.

எழுத்தர் அம்மா கோப்பால் விசிறியபடியே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "கரண்ட் காலையில ஒன்பது மணிக்கே போயாச்சே சார்! மரக்கிளை வெட்டணும், ஏரியா பூரா லைனை நிறுத்துங்கன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

லைன்மேன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் அவரைப் பார்த்தார். தன் வீட்டுப் பின்சுவர்ப் பக்கத்து சன்னல் வழியாக உள்ளே வந்திருந்த கறுப்பு வயரைப் பார்த்தார். பிறகு போனைக் காதோடு சேர்த்து, நிதானமாகச் சொன்னார்:

"மெயினை ஏத்து."

பொறியாளரின் தலைக்கு மேல் விசிறி சுற்றத் தொடங்கியது.