கூப்பிட்டால் போகிறவை

"ஆபரேஷன்ல எடுத்த என் பொண்டாட்டியோட கொழுப்பு இங்கதான் இருக்குன்னு வார்டுல சொன்னாங்க, டாக்டர். ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

சனிக்கிழமை மத்தியானம். ஆய்வகத்தில் ரோவேனாவைத் தவிர யாரும் இல்லை. சனிக்கிழமைகளில் எப்போதும் அப்படித்தான். மற்றவர்களுக்கு வீடு இருந்தது.

வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் தேபான். செபு துறைமுகத்துக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். சர்க்கரையும் சோயாவும் ஊறிப் பன்றிக் கொழுப்பு நாக்கில் கரையும் அவருடைய ஹும்பாக் கறிக்காகக் கப்பல்காரர்கள் கரை இறங்கியதும் ஓடி வருவார்கள். அவருக்கு 'நோங் தேபான்' என்றுதான் பெயர், நோங் என்றால் அண்ணன், அவர் ஊருக்கே அண்ணன்.

அவர் மனைவி சாலுத் கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்து நாற்பதாம் நாள் ஜெபம் போன வாரம்தான் முடிந்திருந்தது.

ரோவேனா தேடினாள். உறைபெட்டியிலும் இல்லை, செல் வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டியிலும் இல்லை. சாலுத்தின் கொழுப்பு இந்த ஆய்வகத்துக்கு வந்ததாகவே தெரியவில்லை.

இல்லை என்று சொல்லத்தான் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மறுபடி அந்த வெதுவெதுப்பான பெட்டிப் பக்கம் போனாள்.

உள்ளே கை விட்டு, செல்கள் வளரும் ஒரு தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தாள்.

"வாங்க நோங். பாருங்க."

அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"நெத்திலிக் கூட்டம் மாதிரி இருக்கே. உசிரோடவா இருக்கு?"

"உசிரோடதான்."

கண்ணை எடுக்காமலேயே, எதற்கு வந்தாரோ அதைக் கேட்டார்.

"என் ஹும்பாதான் அவளைக் கொன்னுதா, டாக்?"

எத்தனையோ மேடைகளில், எத்தனையோ பேராசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் ரோவேனா. இதற்கு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உடம்பு பெருத்தா ஆபத்து கூடும், அது நிஜம். ஆனா ஒல்லியா இருக்கவங்களுக்கும் வருது நோங். சாலுத்துக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப இதுங்க என்ன பண்ணுதுங்க?"

கொழுப்புக்குள் குடியிருக்கும் ஸ்டெம் செல்கள் இவை என்றாள். உடம்பில் எங்காவது காயம் பட்டால் ஆற்ற உதவுகிறவை. புற்றுக்கட்டியும் ஆறாத காயம் போலவே கூப்பிடும். இவை நம்பி, இருந்த இடத்தை விட்டுக் கிளம்பிப் போகும். ரத்தக்குழாய் வளரத் துணை நிற்கும், வேண்டியதையெல்லாம் கொடுக்கும். கொழுப்பு கூடினால் போகிறவையும் கூடும். கட்டி அதைத் தின்று வளரும்.

"கெடுக்கணும்னு போறதில்லையா?"

"உதவி பண்றதா நெனச்சுத்தான் போகுது."

தேபான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். "அவளும் அப்படித்தான். எவன் வீட்டு எழவுன்னாலும் நம்ம கடைச் சட்டியைத் தூக்கிட்டு முதல் ஆளா நிப்பா. கூப்பிட்டாங்களான்னுகூடப் பாக்க மாட்டா."

பிறகு லென்சைப் பார்த்து, பக்கத்தில் ஒருத்தி இருப்பதையே மறந்தவர் போல, தணிந்த குரலில் கேட்டார்:

"ரொம்ப வலிச்சுதாடி?"

ரோவேனா எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த கைகளைக் கழுவினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரை வழியனுப்பப் படிக்கட்டு வரை போனாள். தொப்பியை மாட்டிக்கொண்டவர் கிளம்பாமல் நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க டாக். வார்டுல யாரும் ஒண்ணும் சொல்லல. அது சாலுத்தோடது இல்லைன்னு எனக்குத் தெரியும்."

அவள் திகைத்துப்போனாள்.

"ஆராய்ச்சிக்குக் கொழுப்பு தர்றீங்களான்னு ஆபரேஷனுக்கு முந்தி நர்ஸம்மா வந்து கேட்டாங்க. 'இவ்வளவு வருஷம் என் புருஷன் ஆக்கிப் போட்டு வளர்த்தது, சும்மா தூக்கிக் குடுத்துடுவேனா'ன்னு சொல்லி அவங்களையே சிரிக்க வெச்சு அனுப்பிட்டா."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"வீட்டுல யாருகிட்ட கேக்கறது?"

கீழே தெருவில் ஒரு ஜீப்னி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"யாரோடதோ, பாவம்," என்றார் தேபான். "அவங்களுக்கு ஆளுங்க இருக்காங்களா, டாக்?"

"இருக்காங்க நோங். நல்லாப் பாத்துக்கறாங்க."

"அது போதும்," என்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

ரோவேனா திரும்பி வந்து நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள்.

நோயாளிகளின் செல்களை வெளி ஆளுக்குக் காட்ட அவளுக்கு உரிமை கிடையாது. அந்தப் பெட்டியில் யாரையும் கேட்காமல் எடுத்துக் காட்டக்கூடியதாக அவளிடம் இருந்தது ஒரே ஒரு தட்டு. அவளுடைய கொழுப்பிலிருந்து வந்தது.

போன மழைக்காலத்தில், அதே நோய்க்கு, அதே வார்டில் அறுவை முடிந்து கண் விழித்தபோது, பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருந்தது.