மூன்று பேர் உட்காரும் சீட்

வாகனச் சோதனைக் கூடத்தின் தகரக் கூரையில் உள்ள ஓட்டை வழியே கைப்பிடி அளவு வெயில் காரின் மேல் விழுகிறது. பின் சீட்டைக் கழற்றி, மனைவியைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொள்ள இடம் செய்த கார் அது. சீட் இல்லையென்று போன வாரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று கணவர் அந்தச் சீட்டைக் காரின் கூரைமேல் கட்டி வந்து, வீட்டில் தனியே விட முடியாத அவளை வாசலில் இறக்கிவிட்டு, அதை மீண்டும் மாட்டியிருக்கிறார். பழைய சான்றிதழ் இன்றோடு முடிகிறது; நாளை காலை அவளுக்கு டயாலிசிஸ். புகைக்குழாயில் செருகிய கம்பி நடுங்குகிறது. திரையில் எண்கள் ஏறி இறங்கி நிற்கின்றன.

"புகை சுத்தமா இருக்கு," என்கிறார் ஆய்வாளர்.

"அதுக்கென்ன, ராசா மாதிரி மூச்சு விடுது. எனக்குத்தான் இழுக்குது," என்கிறாள் சுவரோரம் நாற்காலியில் இருக்கும் மனைவி. ஆய்வாளர் சீட்டை அழுத்திப் பார்க்கிறார். மடிப்பிலிருந்து தூசி எழுந்து வெயிலில் மிதக்கிறது. முத்திரை விழுந்ததும் கணவர் ஸ்பேனரை எடுக்கிறார்.

"இங்க கழட்டாதீங்க. நான் பார்த்தா எழுதியாகணும். கேட்டுக்கு வெளியே போயிடுங்க."

"அப்ப இவ?"

ஆய்வாளர் தாள்களைப் புரட்டுகிறார். பின்னால் அடுத்த வண்டி ஹார்ன் அடிக்கிறது.

"நீங்க போங்க. நான் உருட்டிக்கிட்டு வந்துடுறேன்," என்கிறாள் அவள்.

மூன்று பேர் உட்காரக்கூடிய காலிச் சீட்டோடு கார் வாசலைத் தாண்டுகிறது. அவள் இரு கைகளாலும் சக்கரங்களைத் தள்ளுகிறாள். சரளைக் கற்களில் நாற்காலி அரை அடி நகர்ந்து நிற்கிறது.